தண்ணி லாரி ஜம்புவும் ஆடிக் காப்பும்

ஜம்புலிங்கத்திடம் யார் நலம் விசாரித்தாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "நல்லா கீறேன்." டயர் வெடித்து லாரி வேலப்பன்சாவடியில் நடுவெயிலில் சாய்ந்து நின்றபோதும் அதைத்தான் சொன்னார். வயிற்றைத் திறந்து குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்த மறுநாள், மயக்கம் தெளிந்து கண் விழித்தவர், மகன் இளங்கோ ஒன்றும் கேட்பதற்கு முன்பே சொன்னதும் அதுதான். சிலருக்குப் பொய் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கும். இவருக்கு உண்மையைச் சொல்லத்தான் யோசனை தேவை. அறுபத்தொன்பது வயதுவரை அதற்கு அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

நூம்பலில் முப்பது வருஷத்துக்கு மேல் தண்ணி லாரி ஓட்டியவர் அவர். கிணற்றடியில் நிரப்பிக்கொண்டு போய், புதிது புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளின் தொட்டிகளில் ஊற்றுவது தொழில். அங்கே குடிவந்தவர்களுக்கு அவர் பெயர் தெரியாது, ஹாரன் சத்தம் தெரியும். காலையில் முதல் நடை கிளம்புவதற்கு முன் லாரியின் பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டு, தலையை அதற்குக் கீழே கொடுத்துவிடுவார். மார்கழியிலும் அதே குளியல்தான். "வெந்நீர்ல குளிக்கிறவன்லாம் சீக்காளி" என்று மனைவி நாகம்மாவைச் சீண்டுவார். நாகம்மா வருஷம் முழுக்க வெந்நீரில் குளிக்கிறவள். அவளுக்கு இதுவரை ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்பதை அவர் வசதியாக மறந்துவிடுவார்.

ஆடி மாசம் வந்தால் அம்மன் கோயிலுக்குத் தண்ணீர் ஜம்பு லாரியில்தான் வரும். கோயிலைக் கழுவ, கூழ் காய்ச்ச, கடைசி நாள் மஞ்சள் நீராட்டுக்கு அண்டா நிரப்ப, எல்லாம் அவர் பொறுப்பு. அந்த உரிமையோடு வருஷா வருஷம் காப்பும் கட்டிக்கொள்வார். மஞ்சள் தோய்த்த நூலில் ஒரு விரலி மஞ்சளை முடிந்து வலது மணிக்கட்டில் பூசாரி கட்டிவிடுவது காப்பு. கட்டியவர்கள் அது அவிழும்வரை கவிச்சி தொடக் கூடாது, காலையில் பச்சைத் தண்ணீரில் தலை முழுக வேண்டும், ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு இது.

நோய் வந்த கதையை நாகம்மா யாரிடமும் ஒழுங்காகச் சொல்ல மாட்டாள், கோபம் வந்துவிடும். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று இவரே முடிவு செய்து, லாரி சீட்டின் சூடு என்று காரணமும் இவரே கண்டுபிடித்து, இளநீரும் மோருமாக ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெருங்குடலில் புற்று. சித்திரையில் அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் அழிப்பதற்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கையில் மருந்து ஏற்ற வேண்டும், இடையில் வீட்டில் மாத்திரை, இப்படி எட்டு முறை என்றார் டாக்டர். முழுசாக முடித்தால் நன்றாகப் பிழைத்துக் கிடக்கலாம், பாதியில் நிறுத்தினால் எந்த உத்தரவாதமும் தர முடியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார். ஜம்பு தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரியில் அதைக் கீமோ என்றார்கள், வீட்டில் அதற்கு ஊசி என்று பெயர் வைத்தார்கள்.

முதல் ஊசியன்று ஸ்வாதி என்ற நர்ஸ் பக்கத்தில் நின்று என்னென்னவோ சொன்னாள். மண்ணூர்பேட்டைக் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்த இளங்கோ அந்த நேரம் பார்த்து மருந்து வாங்கும் வரிசையில் நின்றான். ஜம்புவின் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "சில்லுனு எதையும் தொடாதீங்க ஐயா, சில்லுனு எதையும் குடிக்காதீங்க." சளி பிடிக்கும் என்று சொல்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் இதைத்தானே சொல்கிறார்கள். முப்பது வருஷம் குழாய்க்குக் கீழே குளித்தவனுக்குச் சளியா என்று உள்ளுக்குள் சிரித்தும்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கை கழுவக் குழாயைத் திறந்தவர் ஐயோ என்று கையை இழுத்துக்கொண்டார். தண்ணீரில் கரண்ட் அடித்தது. மோட்டாரில் எர்த் சரியில்லை என்று எலெக்ட்ரிசியனைக் கூப்பிட்டார். அவன் வந்து டெஸ்டரை வைத்து வீடெல்லாம் தடவிவிட்டு, "ஒன்னும் இல்லண்ணாத்தே" என்று போய்விட்டான். பானைத் தண்ணீரை மொண்டு குடித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது, மூச்சு நின்றுவிடும்போல ஆனது. அந்த நிமிஷம் ஜம்புவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியது தப்பாக என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அவருடைய அப்பா சாகக் கிடந்தபோது மூத்த மகன் என்று இவரைத்தான் வாயில் தண்ணீர் விடச் சொன்னார்கள். ஒரு கரண்டி விட்டார். தொண்டைக்குழி அதை வாங்கவில்லை, கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. "தண்ணி சேரல, இனி அவ்ளோதான்" என்று பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அப்படியே ஆயிற்று. இப்போது தனக்கும் தண்ணீர் சேரவில்லை. ஊசி போட்ட அன்றைக்கே சேரவில்லை. அப்படியென்றால் இந்த ஊசி பிழைக்க வைக்கிற ஊசி இல்லை, சீக்கிரம் அனுப்பி வைக்கிற ஊசி. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் நாகம்மா இடிந்து உட்கார்ந்துவிடுவாள். மகன் வேலைக்குப் போக மாட்டான். அதனால் எல்லாரிடமும் வழக்கம்போல நல்லா கீறேன் என்றார்.

இரண்டாவது ஊசிக்கும் போனார், மூன்றாவதுக்கும் போனார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அந்தக் கரண்ட் கூடுதல் நாள் தங்கியது. பிரிட்ஜைத் திறக்கக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டார். தண்ணீரை வெயிலில் வைத்துக் குடித்தார். மிச்ச நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். ராத்திரித் தூக்கம் போயிற்று, பகல் பேச்சும் போயிற்று. பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு இலையின் சாற்றைச் சிபாரிசு செய்துவிட்டு, "தைரியமா இருக்கணும்" என்று புத்தி சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். தைரியம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்வாதி ஒவ்வொரு தடவையும் எப்படி இருக்கீங்க என்று கேட்கத்தான் செய்தாள். அவள் எழுதிக்கொண்ட பதில் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

ஆடி பிறந்ததும் கோயில் பூசாரி கஜபதி வீட்டுக்கு வந்தார். சின்ன வயதிலிருந்து ஜம்புவுக்குக் கூட்டாளி.

"மச்சான், வர்ற ஞாயித்துக்கெழம காப்பு. இந்த வருசம் நீ அலட்டிக்காத. உன் புள்ளய அனுப்பு, அவனுக்குக் கட்டி உட்டுர்றேன்" என்றார்.

சுவரைப் பார்த்துக் கிடந்தவர் மெல்லத் திரும்பினார். "எப்ப அவுப்ப?"

"அதுக்கு அடுத்த வாரம் தாண்டி திங்கக்கெழம. மஞ்சத்தண்ணி ஊத்திட்டு."

நாலாவது ஊசி காப்பு கட்டும் ஞாயிற்றுக்கு அடுத்து வரும் புதன்கிழமை. ஜம்புவின் மனசு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார். "நானே கட்டிக்கிறேன்."

வாசலில் நின்ற நாகம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வாரம் கழித்து மனுஷன் தானாக எழுந்து உட்கார்கிறார். இளங்கோ கம்பெனியில் இருந்தவர்களிடமெல்லாம், "எங்க நைனா எழுந்துட்டாரு" என்று சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போனார். பம்பை அடிக்க, கஜபதி மணிக்கட்டில் காப்பைக் கட்ட, கூட்டத்தில் இருந்தவர்கள் ஜம்புவுக்கு இருக்கிற பக்தி யாருக்கு வரும் என்று பேசிக்கொண்டார்கள். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு மனுஷனை அவருடைய மருந்திலிருந்து தப்பிக்க வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை இளங்கோ ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைத்தபோது ஜம்பு வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"காப்பு கட்டிக்கினு எப்டிடா போறது? எல்ல தாண்டக் கூடாது."

"நைனா, நாள் தவறக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"ஆத்தா பெருசா, டாக்டரு பெருசா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி ஊரில் யாரும் ஜெயித்ததில்லை. இளங்கோ அம்மாவைப் பார்த்தான். நாகம்மா அடுப்பைப் பார்த்தாள். திருவிழா முடிந்ததும் போய்க்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஜம்பு சரி என்றார். ஆனால் மனசுக்குள், திருவிழா முடிந்தால் வேறு ஏதாவது வரும், அதுவும் முடிந்தால் இன்னொன்று வரும், இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று தீர்மானம் செய்துவிட்டிருந்தார். புதன்கிழமை ஆள் வராததைப் பார்த்து ஸ்வாதி போன் செய்தாள்.

"ஏன் ஐயா வரல? உடம்பு ஏதும் முடியலையா?"

"இல்லம்மா. நல்லா கீறேன்."

இந்தத் தடவை அது பாதி நிஜம். காப்பு கட்டிய முதல் நாள் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றியபோது சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் நாளாக நாளாகச் சுரீர் குறைந்தது. ஊசி விட்டுப்போன வாரத்தின் கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார், தொண்டை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. பசி எடுத்தது. தூக்கம் வந்தது. தெருவில் நின்று பேசினார். ஊசிதான் என்னைக் கொன்றுகொண்டிருந்தது, விட்டதும் தண்ணீர் திரும்பி வந்துவிட்டது, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தார். அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடிய மிச்சம் மீதி அவருடைய சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டு வளராமல் இருக்கப் போவதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலைக் கழுவுவதற்காக லாரி வந்தது. இப்போது அதை பாபு ஓட்டுகிறான். ஜம்பு தானே போய் பின்பக்கக் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. இரண்டு கைகளையும் அதில் நீட்டினார், பிறகு முகத்தைக் கொடுத்தார், பிறகு தலையை. பாபு, "யோவ் பெருசு, ஜன்னி வரப் போவுது" என்று கத்தினான். அவர் காதில் வாங்கவில்லை. குழாய்க்குக் கீழே நின்றுகொண்டு தனியாகச் சிரித்தார்.

பூக்கூடையோடு வந்த நாகம்மா இதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். இரண்டு மாசத்துக்கு மேலாகத் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கிய மனுஷன். பிரிட்ஜ் கதவைத் துணி சுற்றித் திறந்த மனுஷன். ஊசி போட்ட நாளிலிருந்து தண்ணீர் இல்லை, ஊசி நின்றதும் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்குப் புரிய வேண்டியது புரிந்தது. பூக்கூடையைக் கோயில் படியில் வைத்துவிட்டு, அவர் தலை துவட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஒன்னு கேட்டா மறைக்காம சொல்வியா?"

"கேளு."

"வருசா வருசம் காப்பு கட்டிக்கினுதான லாரி ஓட்டின. போரூர் வரிக்கும் போய் லோடு எறக்கிட்டு வருவியே. அப்ப எல்ல எங்க போச்சு?"

ஜம்புவின் கையில் இருந்த துண்டு அப்படியே நின்றது. உண்மைதான். எல்லைக் கட்டுப்பாடு எல்லாம் வயலும் ஏரியுமாக ஊர் இருந்த காலத்தோடு சரி. வெளியே வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கஜபதியே அதைத் தளர்த்தி, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும், வெளியில் ராத்தங்கக் கூடாது, அவ்வளவுதான் என்று சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்தச் சலுகையை முதலில் கேட்டு வாங்கியவரே ஜம்புதான்.

"உனக்கு இது எப்ப ஞாபகம் வந்துச்சு?" என்றார்.

"நீ கையத் தூக்கிக் காட்டினியே, அப்பவே. தெரிஞ்சேதான் வாய மூடிக்கினு இருந்தேன். நீ எழுந்து நடமாடுனியே, அத்த நாலு நாள் கண்ணால பாத்துக்கலாம்னு ஒரு ஆச." அவள் குரல் உடைந்தது. "இப்ப நீ சொல்லு. எதுக்கு ஊசிக்குப் போவல?"

ஜம்பு கோயில் படியில் உட்கார்ந்தார். யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குழாயில் கரண்ட் அடித்ததை, தொண்டை அடைத்ததை, அப்பாவின் கடைவாயில் தண்ணீர் வழிந்ததை.

"எனக்கு தண்ணி சேரல நாகு. நான் போவப் போறேன்னு தெரிஞ்சிபோச்சு. போறது போறோம், ஒரு வாய் தண்ணி நிம்மதியா குடிச்சிட்டுப் போலாமேன்னுதான்."

நாகம்மா அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"நீ பாட்டுக்கு போவ. நான் இன்னா பண்றது? யாரக் கேட்டு முடிவு பண்ண? என்ன உட்டுட்டுப் போறதுக்கு ஆத்தாள சாட்சிக்கு இஸ்துகினு வர்றியா?"

"பயமா கீது நாகு" என்றார் ஜம்பு.

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவர் வாயால் இந்த வார்த்தையைக் கேட்டதில்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய ஈரத் தலையைத் தன் முந்தானையால் மறுபடி துவட்டிவிட்டாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. தண்ணீர் சேராதது நிஜமாகவே அதற்குத்தான் அடையாளமோ என்று அவளும் நடுங்கினாள்.

சாயங்காலம் நாகம்மா கஜபதியைக் கூட்டிவந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பூசாரி ஜம்புவின் கையில் இருந்த காப்பைத் தொட்டுக் காட்டினார்.

"நீ எழுந்து நடக்கட்டும்னுதான்டா கட்டி உட்டேன். ஓடி ஒளியறதுக்கா கட்டினேன்?" என்றார். பிறகு, "தண்ணி சேரலன்னா சாவுதானான்னு என்னியக் கேட்டா எனக்கு இன்னா தெரியும்? ஊசி போட்டவங்களக் கேளு. எப்ப வரச் சொன்னாலும் நானும் கூட வர்றேன். வெளக்கு வெக்கிறதுக்குள்ள திரும்பிடலாம்."

"அங்க போனா புடிச்சி வெச்சு ஊசி போட்டுருவாங்க மச்சான்."

"வேணாம்னு சொன்னா எவன் போடுவான்? மொதல்ல வாயத் தொறந்து சொல்லு. முப்பது வருசமா ஹாரன்தான் அடிச்ச, வாயத் தொறந்து ஒன்னு சொன்னதில்ல."

இளங்கோ ஸ்வாதிக்குப் போன் செய்தான். வியாழக்கிழமை வரச் சொன்னாள்.

கையில் மஞ்சள் காப்போடு இரண்டு கிழவர்கள் நாகம்மாவோடு கீமோ வார்டில் வந்து உட்கார்ந்ததை எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்வாதி தர்மபுரிப் பக்கத்துப் பெண், வேலைக்காக வந்து வெள்ளானூரில் வாடகைக்கு இருக்கிறாள். காப்பைப் பார்த்ததும் என்னவென்று கேட்கவில்லை, அவள் ஊரிலும் உண்டு. "ஊசி போடுறதா இருந்தா இடது கையில போட்டுக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"நல்லா..." என்று தொடங்கியவரைக் கஜபதி முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

ஜம்பு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லா இல்லம்மா. தண்ணி தொட்டா கரண்ட் அடிக்குது. குடிச்சா தொண்ட மூடிக்குது. எங்க நைனாவுக்கும் சாவறப்போ தண்ணி சேரல. அதான் நான் வரல."

ஸ்வாதி கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் சுருங்கியது. "மூணு ஊசியா இதை மனசுல வச்சிக்கிட்டா இருந்தீங்க?" என்றாள். அது அந்த மருந்து செய்கிற வேலை என்றாள். உடம்பைக் கெடுத்துச் சாகடிக்கிற அடையாளம் இல்லை, குளிர்ச்சி பட்டால் நரம்பு இப்படிக் கூசும், இந்த மருந்து ஏற்றிக்கொள்கிற அநேகம் பேருக்கு வருவதுதான், வெதுவெதுப்பாக எதையும் தொடலாம், குடிக்கலாம். "முதல் நாளே சொன்னேனே ஐயா, சில்லுனு எதையும் தொடாதீங்கன்னு."

"சளி புடிக்கும்னு சொல்றன்னு நெனச்சேன்மா."

கஜபதி சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. நாகம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஸ்வாதி சிரிக்கவில்லை. "தப்பு எங்க மேல. ஒரு தடவ சொல்லிட்டு, நீங்க தலையாட்டினதைப் பாத்துட்டுப் போயிட்டேன். என்ன புரிஞ்சதுன்னு திருப்பிக் கேட்டிருக்கணும்" என்றாள். எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லிப் பார்த்து, மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, மெதுவாக ஏற்றலாம் என்றார். இனி கூச்சம் அதிகமானால் அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரவும் வழி இருக்கிறது, ஆனால் சொன்னால்தான் தெரியும் என்றார். வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்தும் நின்றார்.

ஜம்பு நாகம்மாவைப் பார்த்தார். இடது கையை நீட்டினார்.

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது ஸ்வாதி மறுபடி வந்தாள். தூக்கம் வருகிறதா, சுவரைப் பார்த்துப் படுக்கத் தோன்றுகிறதா, எதுக்கு இதெல்லாம் என்று சலிப்பாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இங்கே மனசுக்கென்று ஒரு அம்மா இருக்கிறார், அடுத்த தடவை அவரையும் பார்க்கலாம் என்றாள்.

"எனக்கு இன்னா பைத்தியமாம்மா புடிச்சிருக்கு?"

"பயம் பிடிச்சிருந்துச்சுல்ல. அதுக்குத்தான்" என்றாள். "வாரா வாரம் போன் பண்ணுவேன். நல்லா கீறேன்னு சொன்னீங்கன்னா நம்ப மாட்டேன்."

விளக்கு வைப்பதற்கு முன் நூம்பல் திரும்பிவிட்டார்கள். அன்று ராத்திரி குழாயைத் தெரியாமல் தொட்டதும் கரண்ட் அடித்தது. அளவு குறைத்தும் அடிக்கத்தான் செய்தது. ஆனால் இப்போது அது மருந்து, சாவு இல்லை. வலிக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் வலி குறைந்துவிடுமா என்றால் குறையாது. இருந்தாலும் அவர் அன்று சுவர்ப் பக்கம் திரும்பாமல் தூங்கினார்.

காலைத் தலைமுழுக்கை வெயில் ஏறியதும், வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீரில் முடித்துக்கொண்டார். ஒரே ஒரு கவலை பாக்கி இருந்தது. திங்கட்கிழமை மஞ்சள் நீராட்டு. காப்புக் கட்டிய எல்லாரும் வரிசையில் நிற்க, பூசாரி ஆளுக்கொரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றித்தான் காப்பை அவிழ்ப்பார். ஊசி போட்டு நாலைந்து நாள்கூட ஆகாத உடம்பு. ஒரு குடம் பச்சைத் தண்ணீர் தலையில் விழுந்தால் ஊர் முன்னால் அலறிவிடுவோமோ என்று ஜம்பு பயந்தார். அலறினால்கூடப் பரவாயில்லை. அந்த வலி மறுபடி மனசில் ஏறி உட்கார்ந்துகொண்டால், அடுத்த ஊசிக்குக் கால் நகராது. அதுதான் அவருடைய நிஜமான பயம். ஊற்றாமல் அவிழ்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் முப்பது வருஷம் ஆத்தாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன், தனக்கு மட்டும் தண்ணீர் வேண்டாம் என்று எந்த வாயால் கேட்பான்? நாகம்மாவிடம் மட்டும் சொன்னார். இப்போதெல்லாம் அவளிடம் சொல்லப் பழகிக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கலாம் வா" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை வானம் மூடிக்கொண்டு நல்ல காற்று. வரிசையில் ஜம்பு நடுவில் நின்றார். கூட்டத்தில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள் என்று ஸ்வாதி சொல்லியிருந்ததால், இளங்கோ அவரை முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தான். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குடத்துக்குக் கீழே தலையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். ஜம்புவின் முறை வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டார். கஜபதி குடத்தைத் தூக்கினார்.

தண்ணீர் தலையில் விழுந்தது, முகத்தில் வழிந்தது, முதுகில் இறங்கியது. ஜம்பு காத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அடிக்கவில்லை. கண்ணைத் திறந்தார். கூழ் காய்ச்சிய அடுப்பில் இன்னும் தீ எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் மஞ்சள் நீர் அண்டா உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நாகம்மா விறகைத் தள்ளிக்கொண்டு, புகை படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தனக்கு மட்டுமில்லை, முன்னால் போனவர்கள் தலையிலிருந்தும் லேசாக ஆவி எழுவதை அவர் அப்போதுதான் பார்த்தார். ஒருவரும் ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த வருஷம் ஆத்தாவுக்கு வெந்நீர், அவ்வளவுதான்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. முகம் முழுக்க மஞ்சள் தண்ணீர் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

கஜபதி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் காப்பை அவிழ்த்தபடி, "இன்னா மச்சான், எப்டி கீது?" என்று கேட்டார்.

நல்லா கீது என்று வாய்வரை வந்ததை ஜம்பு நிறுத்தினார். உண்மையில் எப்படி இருக்கிறது என்று ஒருதரம் யோசித்துப் பார்த்தார்.

"சூடு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

அடுப்படியிலிருந்து நாகம்மா சிரித்தாள். "வெந்நீர்ல குளிக்கிறவன்லாம் யாருன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"சீக்காளி" என்றார் ஜம்பு. பிறகு இளங்கோவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, "அடுத்த ஊசி எந்தக் கெழமடா?" என்று கேட்டார்.